கணினியில் வரைந்த வீட்டுத் தளப்படத்துக்கு வண்ணம் சேர்ப்பது: ஆட்டோகேடிலா, ஃபோட்டோஷாப்பிலா?

கோட்டுப்படம் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் ஒரு சிறிய கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் வரைவாளராக வேலை செய்கிறேன். நாங்கள் வரைபவை பெரும்பாலும் தனி வீடுகள். எல்லாவற்றையும் ஆட்டோகேட் என்னும் வரைவு மென்பொருளில்தான் வரைகிறோம். அண்மைக்காலம் வரை கறுப்புக் கோடுகளால் ஆன தளப்படத்தையே வீட்டுக்காரர்களிடம் கொடுத்து வந்தோம். சென்ற மாதம் ஒரு வீட்டுக்காரரின் தாயார் அந்தத் தாளை வெகுநேரம் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "இதில் அடுப்படி எங்கே இருக்கிறது தம்பி? எல்லாம் ஒரே கோடாகத் தெரிகிறதே" என்று கேட்டார். அறைகளின் பெயர்கள் எழுதப்பட்டுத்தான் இருந்தன. ஆனாலும் எது சுவர், எது சன்னல், எது கட்டில், எது தரையில் பதித்த டைல்ஸின் கோடு என்று அவரால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. தாம் வாழப்போகும் வீட்டின் படமே அவருக்குப் புரியவில்லை என்பது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. அன்றிலிருந்து தளப்படங்களுக்கு வண்ணம் சேர்த்துக் கொடுக்க முயன்று வருகிறேன்.

நான் இப்போது செய்வது இதுதான்: படத்தைப் பிடிஎஃப்பாக எடுத்து, ஃபோட்டோஷாப்பில் திறந்து, மேஜிக் வாண்டால் ஒவ்வோர் அறையாகத் தேர்ந்தெடுத்து, பெயின்ட் பக்கெட்டால் நிரப்புகிறேன். கோட்டுக்கும் வண்ணத்துக்கும் நடுவில் ஒரு மெல்லிய வெள்ளை விளிம்பு நின்றுவிடுகிறது. அதைவிடப் பெரிய தொல்லை, வீட்டுக்காரர் ஒரு சுவரை முக்கால் அடி நகர்த்தச் சொன்னால் முழு வேலையையும் முதலிலிருந்து செய்ய வேண்டியிருப்பது. திரையில் இளமஞ்சளாகத் தெரிந்த கூடம் அச்சில் கடுகு நிறத்தில் வந்து, மேலே எழுதியிருந்த அளவுகளைப் படிக்க முடியாமல் போனதும் உண்டு.

ஆட்டோகேடிலேயே ஹேட்ச் (ஒரு பரப்பை நிறத்தாலோ கோடுகளாலோ நிரப்புவது) போட்டும் பார்த்தேன். ஹேட்ச் கோடுகளையும் எழுத்துகளையும் மூடிவிட்டது. அலுவலகத்தில் எப்போதும் பயன்படுத்தும் மோனோகுரோம் சிடிபியை (எந்த நிறம் அச்சில் எப்படி வர வேண்டும் என்று சொல்லும் கோப்பு) வைத்து அச்சிட்டபோது அறைகள் எல்லாம் கறுப்புக் கட்டங்களாக வந்தன. இப்போது கையில் இருப்பது 30 அடிக்கு 50 அடி மனையில் தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட ஒரு வீடு. ஏ3 தாளில் கொடுக்க வேண்டும். இரண்டில் எந்த வழியை முறையாகக் கற்றுக்கொள்வது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

செங்கற்சுவர் (மறுமொழி 1)

வணக்கம் நண்பரே. தனி வீடுகள், அடிக்கடி மாறும் படங்கள், ஏ3 தாள் என்று நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் ஆட்டோகேடிலேயே வண்ணம் சேர்ப்பதுதான் உங்களுக்கு ஏற்றது. ஹேட்சைக் கைவிடுமளவுக்கு உங்களைத் தடுத்த இரண்டு தடைகளுக்கும் எளிய தீர்வு உண்டு.

முதலில் அந்தக் கறுப்புக் கட்டங்கள். மோனோகுரோம் சிடிபி, 1 முதல் 255 வரை எண்ணிட்ட இன்டெக்ஸ் நிறங்கள் அனைத்தையும் கறுப்பாக மாற்றி அச்சிடும். ட்ரூ கலர் என்னும் பிரிவில் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று எண்களால் குறிப்பிடப்படும் நிறங்களை அது தொடுவதில்லை. அவை உள்ளபடியே அச்சாகும். ஆகவே கோடுகள், எழுத்துகள், அளவுகள் எல்லாவற்றையும் இப்போது இருப்பதுபோல் இன்டெக்ஸ் நிறங்களிலேயே விட்டுவிட்டு, வண்ண ஹேட்சுகளின் லேயர்களுக்கு (படத்தைப் பிரித்து வைக்கும் அடுக்குகளுக்கு) மட்டும் ட்ரூ கலர் கொடுங்கள். அதே சிடிபியில் கோடு கறுப்பாகவும் தரை வண்ணமாகவும் வரும். வண்ணப் படத்துக்கென்று தனியாக ஒரு சிடிபி தயாரிக்க வேண்டிய தேவையே இல்லை.

கோடுகள் மறைவதற்குக் காரணம், கடைசியாக வரைந்தது மேலே நிற்கும் என்ற வரிசைதான். ஹேட்ச்டுபேக் என்று கட்டளையிட்டால் படத்தில் உள்ள எல்லா ஹேட்சுகளும் ஒரே நேரத்தில் அடியில் போய்விடும். எழுத்துகளையும் அளவுகளையும் மேலே கொண்டுவர டெக்ஸ்ட்டுஃப்ரண்ட் இருக்கிறது. அச்சிடுவதற்கு முன்பு இந்த இரண்டையும் ஒருமுறை ஓட்டிவிடுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

இனி, மாற்றம் வரும்போது வேலை வீணாகாமல் இருப்பதற்கான வழி. அறைக்குள் சொடுக்கி ஹேட்ச் போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். வாசல் திறப்பு, சன்னல், நாற்காலியின் கால் என்று எதன் மீது மோதினாலும் அந்த எல்லை குழம்பிவிடும். அதற்குப் பதிலாக, ஒவ்வோர் அறைக்கும் மூடிய பாலிலைன் (பல துண்டுகள் சேர்ந்து ஒரே பொருளாக நிற்கும் கோடு) ஒன்றை நீங்களே வரையுங்கள். அந்தப் பாலிலைனைச் சுவரின் உள்விளிம்போடு நிறுத்தாமல் சுவரின் நடுக்கோடு வரை கொண்டுபோங்கள். அவை எல்லாவற்றையும் அச்சாகாத ஒரு லேயரில் வைத்து, அந்தப் பாலிலைனைத் தேர்ந்தெடுத்து ஹேட்ச் போடுங்கள். எல்லை மாறினால் ஹேட்சையும் உடன் மாற்றும் அசோசியேட்டிவ் என்பது இயங்கும் நிலையில் இருக்கட்டும். பின்னர் சுவர்களுக்கு அடர்சாம்பலில் தனி ஹேட்ச் போட்டு, அதைத் தரை வண்ணங்களுக்கு மேலாகவும் கோடுகளுக்குக் கீழாகவும் நிறுத்துங்கள். தரையின் வண்ணம் சுவரின் அடியில் நுழைந்து கிடப்பதால், உங்களை வருத்தும் அந்த வெள்ளை விளிம்புக்கு இடமே இல்லை. சுவர் முக்கால் அடி நகர்ந்தால், ஸ்ட்ரெட்ச் கட்டளையில் சுவரோடு அந்தப் பாலிலைனின் முனைகளையும் சேர்த்து இழுத்தால் போதும். வண்ணம் தானாகப் பின்தொடரும்.

கட்டுமானப் படமும் வண்ணப் படமும் ஒரே கோப்பில் இருக்கலாம். இரண்டு லேஅவுட் (அச்சுத் தாளின் அமைப்பு) வைத்துக்கொண்டு, கட்டுமானத் தாளின் வியூபோர்ட்டில் (தாளில் படம் தெரியும் சாளரம்) வண்ண லேயர்களை மட்டும் விபி ஃப்ரீஸ் செய்து, அங்கே மட்டும் மறைத்துவிடுங்கள். வண்ணத் தாளில் கட்டில், சோபா போன்றவற்றின் கோடுகள் கறுப்பாக இல்லாமல் மெல்லிய சாம்பலாக இருந்தால் சுவர் எடுப்பாகத் தெரியும். அந்த வியூபோர்ட்டுக்கு மட்டும் விபி கலரில் அந்த லேயரின் நிறத்தை மாற்றிக்கொள்ளலாம். அதையும் ட்ரூ கலரில்தான் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் சிடிபி அதைக் கறுப்பாக்கிவிடும்.

நீர்வண்ணம் (மறுமொழி 2)

செங்கற்சுவர் அவர்கள் சொன்ன ட்ரூ கலர் வழி மிகச் சரியானது. ஆனாலும் ஃபோட்டோஷாப்பை ஒதுக்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மரத்தின் நிழல், புல்லின் சொரசொரப்பு, முற்றத்தில் விழும் வெயில், சிவப்பு ஆக்சைடு தரையின் பளபளப்பு ஆகியவற்றை ஒரே நிறத்தில் நிரப்பும் சாலிட் ஹேட்சால் காட்ட முடியாது. நான் தோட்டங்களையும் பள்ளி வளாகங்களையும் வரைகிறேன். எனக்குத் தரைப்படத்தில் நிழல் இல்லாவிட்டால் உயரம் தெரியாது. தென்னையும் செம்பருத்தியும் மேலிருந்து பார்க்கும்போது இரண்டு வட்டங்கள்தான். எது வீட்டைவிட உயரமானது என்பதை அதன் நிழலின் நீளம்தான் சொல்கிறது.

அந்த வழியில் போகிறவர்கள் இரண்டு விஷயங்களில் கவனமாக இருந்தால் உங்களுக்கு நேர்ந்த தொல்லைகள் நேராது. கோட்டுப் படத்தை ஒரே பிடிஎஃப்பாக எடுக்காமல் சுவர், அறைகலன், எழுத்து, தரை வண்ணம் என்று லேயர்களை மாற்றி மாற்றி நிறுத்தி நான்கு பிடிஎஃப்களாக எடுங்கள். நான்கும் ஒரே பேஜ் செட்டப்பிலிருந்து (அச்சிடும் அமைப்பு), ஒரே தாளளவில் வர வேண்டும். ஃபோட்டோஷாப்பில் திறக்கும்போது கிராப் என்னும் இடத்தில் மீடியா பாக்ஸ் என்று தேர்ந்தெடுத்தால் நான்கும் இம்மியும் பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அமரும். தரை வண்ண பிடிஎஃப்பில் ஒவ்வோர் அறைக்கும் ஒவ்வோர் எடுப்பான நிறத்தில் ஹேட்ச் போட்டு வையுங்கள். அது இறுதிப் படத்தில் தெரிவதற்காக அன்று. மேஜிக் வாண்டால் ஒரே சொடுக்கில் அந்த அறையைத் தேர்ந்தெடுப்பதற்காக. வீட்டில் மாற்றம் வந்தால், மாறிய பிடிஎஃப்களை மட்டும் புதிதாக எடுத்து மாற்றிக்கொள்ளலாம்.

கோட்டு லேயர் எப்போதும் எல்லாவற்றுக்கும் மேலே, அடியிலுள்ள வண்ணம் ஊடாகத் தெரியும் மல்டிப்ளை முறையில் இருக்கட்டும். தேர்ந்தெடுத்த பகுதியை நிரப்புவதற்கு முன் இரண்டு பிக்சல் விரிவாக்குங்கள். விரிந்த வண்ணம் கோட்டுக்கு அடியில் மறைந்துவிடும்; வெள்ளை விளிம்பும் போய்விடும்.

தெளிவுத்திறனைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏ3 தாளை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) திறந்தால் 4961க்கு 3508 பிக்சல். சாதாரணக் கணினி இதைத் தாங்கும். அதே 300இல் ஏ1 தாளைத் திறந்தால் 9933க்கு 7016, அதாவது ஏறத்தாழ ஏழு கோடிப் பிக்சல், நான்கு மடங்கு. லேயர் கூடக் கூடக் கணினி திணறத் தொடங்கும். சுவரில் மாட்டி நான்கடி தள்ளி நின்று பார்க்கும் ஏ1 தாளுக்கு 150 போதும். சிறு எழுத்துகளை ஃபோட்டோஷாப்புக்குள் கொண்டுவராமல், வண்ணப் படத்தை ஆட்டோகேடின் லேஅவுட்டில் ஒரு பின்னணிப் படமாக இணைத்து, எழுத்துகளையும் அளவுகளையும் அங்கேயே அதன்மேல் வைத்து அச்சிட்டால் அவை கூர்மை குறையாமல் வரும்.

உங்கள் 30க்கு 50 வீட்டுக்கு இத்தனையும் தேவையில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். தோட்டமும் முற்றமும் பெரிதாக உள்ள ஒரு வேலை வரும்போது இதைச் செய்து பாருங்கள்.

நீலநகல் (மறுமொழி 3)

தம்பிக்கு வணக்கம். நான் அரசுத் துறையில் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மென்பொருளைப் பற்றி மேலே இருவரும் நிறையச் சொல்லிவிட்டார்கள். எந்த வண்ணம், எதற்காக என்பதைப் பற்றி நான் சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால் அந்த அம்மாவின் கேள்வி அதைப் பற்றியதுதான்.

நாங்கள் டிரேசிங் தாளில் மைப்பேனாவால் வரைந்து, அம்மோனியா நகல் எடுத்து, அந்த நகலின்மேல் கையால் வண்ணம் தீட்டினோம். டிரேசிங் தாளிலேயே தீட்ட வேண்டுமென்றால் தாளைத் திருப்பிப்போட்டுப் பின்பக்கத்தில் வண்ணப் பென்சிலால் தேய்ப்போம். முன்பக்கத்து மைக்கோட்டின்மேல் பென்சில் படாது; கோடு கலங்காது; தாளின் ஊடாகத் தெரியும் வண்ணமும் மிருதுவாக இருக்கும். கோட்டுக்கு அடியில் வண்ணம் கிடக்க வேண்டும் என்று இன்று ஹேட்ச்டுபேக்கால் செய்வதை அன்று தாளைத் திருப்பிச் செய்தோம்.

எங்களுக்கு முந்தைய தலைமுறையினருக்கு வண்ணம் ஒரு மொழியாகவே இருந்தது. ஆங்கிலேயர் காலத்துப் பொறியியல் வரைபடங்களில் வெட்டுத்தோற்றத்தில் (கட்டடத்தை வெட்டிப் பார்த்ததுபோல் காட்டும் படம்) செங்கல் என்றால் செந்நிறம், தேனிரும்பு என்றால் நீலம். பக்கத்தில் எழுதிக் காட்ட வேண்டியதில்லை. கொத்தனாருக்கும் கொல்லருக்கும் அது தெரியும். அந்த மொழியின் ஒரு பகுதி இன்றும் நம் கட்டட அனுமதி வரைபடங்களில் உயிரோடு இருக்கிறது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு காட்டும் வண்ண அட்டவணைப்படி மனையின் எல்லை தடித்த கறுப்புக்கோடு. புதிதாகக் கட்டப்போவது சிவப்பால் நிரப்பப்படும். இடிக்கப்போவது மஞ்சள் சாய்கோடுகளால் காட்டப்படும். கழிவுநீர்க் குழாய் சிவப்புப் புள்ளிக்கோடு. குடிநீர்க் குழாய் மெல்லிய கறுப்புப் புள்ளிக்கோடு. உள்ளாட்சி அமைப்பைப் பொறுத்துச் சிற்சில வேறுபாடுகள் இருக்கலாம் என்பதால், நீங்கள் விண்ணப்பிக்கும் அலுவலகத்தின் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. வீட்டுக்காரருக்காகச் செய்யும் வண்ணப் படத்தில் சுவர்களைச் சிவப்பாக நிரப்பிவிட்டு, மாடிப்படியை மஞ்சள் சாய்கோட்டால் அழகுபடுத்தினால், ஒரு நாள் அந்தத் தாள் தவறுதலாக அனுமதிக் கோப்புக்குள் போகும்போது, படி இடிக்கப்படவிருக்கிறது என்று ஓர் அலுவலர் படிப்பார். ஆகவே அந்த இரண்டு குறிகளையும் உங்கள் வண்ணப் படங்களில் தொடாதீர்கள். லேயர்களையும் தனித்தனிப் பெயரில் வையுங்கள்.

இனி அந்த அம்மாவுக்கு வருவோம். அவருக்கு முதலில் தெரிய வேண்டியது எது சுவர், எது நடக்கும் இடம் என்பதே. சுவரை அடர்ந்த நிறத்தால் நிரப்பினாலே பாதிப் படம் புரிந்துவிடும். 1748இல் ஜாம்பாட்டிஸ்டா நொல்லி என்பவர் வெளியிட்ட ரோம் நகரப் படத்தில் வண்ணமே இல்லை. வீடுகளும் கட்டடங்களும் இருட்டாக நிரப்பப்பட்டிருக்கின்றன. தெருக்களும் சதுக்கங்களும் தேவாலயங்களின் உட்புறமும் வெள்ளையாக விடப்பட்டிருக்கின்றன. எங்கே கால் வைத்து நடக்கலாம் என்பது பார்த்த நொடியில் தெரிகிறது. அதனால் வண்ணம் எதையும் சேர்ப்பதற்கு முன்பு, சுவரை மட்டும் நிரப்பிய படம் ஒன்றை எடுத்து வீட்டிலிருக்கும் யாரிடமாவது காட்டிப் பாருங்கள்.

அதன்மேல் நான்கு வண்ணங்களுக்கு மிகாமல் சேருங்கள். கூடம், படுக்கையறை, பூசையறை போன்ற உலர்ந்த இடங்களுக்கு வெளிர் சந்தன நிறம்; குளியலறை, கழிவறை, துவைக்கும் இடம் ஆகியவற்றுக்கு வெளிர் நீலச் சாம்பல்; திண்ணைக்கும் கார் நிறுத்தும் இடத்துக்கும் காவி கலந்த வெளிர் நிறம்; மண்ணும் செடியும் உள்ள இடத்துக்கு மங்கிய பச்சை. அடுப்படியை அவர் தேடினார் என்றால் அடுப்பு மேடையை மட்டும் அடர்ந்த சாம்பலாக்குங்கள். கருங்கல் மேடையை அன்றாடம் பார்த்துப் பழகியவருக்கு அது சட்டென்று பிடிபடும். அறைக்கொரு வண்ணம் கொடுத்தால் படம் மிட்டாய்க்கடை போல ஆகிவிடும். அவர் கண் எங்கும் நிற்காது.

கடுகு நிறமாக வந்ததற்குக் காரணம் தாள்தான். பூச்சில்லாத சாதாரணத் தாள் மையை உறிஞ்சிக்கொள்ளும். திரையோ பின்னாலிருந்து ஒளியைப் பாய்ச்சுகிறது. திரையில் பார்த்து வண்ணம் தேர்ந்தெடுப்பதை நிறுத்திவிட்டு, இருபது மில்லிமீட்டர் சதுரங்களாக முப்பது, நாற்பது வண்ணங்களை வரிசையாக நிரப்பி, ஒவ்வொன்றின் கீழும் அதன் மூன்று எண்களை எழுதி, நீங்கள் வழக்கமாக அச்சிடும் அதே கருவியில், அதே தாளில் ஒரு பிரதி எடுங்கள். ஒவ்வொரு சதுரத்துக்குள்ளும் உங்கள் மிகச்சிறிய அளவெழுத்தில் ஒரு வரி இருக்கட்டும். எந்தச் சதுரத்தில் அந்த வரியைச் சிரமமில்லாமல் படிக்க முடிகிறதோ அவை மட்டுமே தரைக்கு ஏற்றவை. அந்தத் தாளை மேசைக்கு மேலே ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

கோட்டுப்படம்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒரு வாரமாக நீங்கள் சொன்னபடி செய்து பார்த்தேன். நீலநகல் ஐயா சொன்ன வண்ணத் தாளை முதலில் அச்சிட்டேன். நான் இதுவரை பயன்படுத்தி வந்த வண்ணங்களில் ஒன்றுகூட எழுத்தைப் படிக்கும்படி விடவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. சுவர்களை மட்டும் நிரப்பி எடுத்த படத்தை என் அம்மாவிடம் கொடுத்தேன். வாசலில் விரலை வைத்து, கூடத்தைக் கடந்து, அடுப்படிவரை தாமாகவே வந்துவிட்டார். நேற்று வீட்டுக்காரர் அடுப்படியை ஓர் அடி அகலப்படுத்தச் சொன்னார். பாலிலைனோடு சேர்த்து இழுத்ததில் வண்ணமும் உடன் வந்தது.

இரண்டு ஐயங்கள் மட்டும் எஞ்சியுள்ளன. டைல்ஸ் கோடுகள் தெரிய வேண்டும் என்பதற்காகத் தரை ஹேட்சுகளுக்கு 60 அளவில் டிரான்ஸ்பரன்சி (ஊடுதெரியும் தன்மை) கொடுத்திருந்தேன். முதலில் அது அச்சில் வரவே இல்லை. அச்சிடும் பெட்டியில் பிளாட் டிரான்ஸ்பரன்சியைக் குறியிட்ட பிறகு வந்தது. ஆனால் பிடிஎஃப் மிகவும் பெரிதாகிவிட்டது, எழுத்துகளும் கூர்மை இழந்தன. அடுத்து, கூடத்துக்கும் உணவருந்தும் இடத்துக்கும் நடுவில் சுவர் கிடையாது. அங்கே இரண்டு வண்ணங்களும் சந்திக்கும் இடத்தில் தலைமுடி அளவுக்கு ஒரு வெள்ளைக்கோடு தெரிகிறது. இதை எப்படிச் சரிசெய்வது?

செங்கற்சுவர்

டிரான்ஸ்பரன்சியைக் குறியிட்டால் அந்தத் தாள் கோடுகளாக இல்லாமல் புள்ளிகளால் ஆன படமாக மாற்றப்பட்டு அச்சாகிறது; கோப்பு பெருத்ததும் எழுத்து மங்கியதும் அதனால்தான். ஹேட்ச் அடியில் இருக்கும்போது டைல்ஸ் கோடுகள் அதன்மேல்தான் நிற்கும். ஆகவே டிரான்ஸ்பரன்சி உங்களுக்குத் தேவையே இல்லை. வேண்டியது அதே வெளிர்மைதான். அதைக் கணக்கிட்டே பெறலாம். வெள்ளைத் தாளின்மேல் 60 விழுக்காடு ஊடுதெரியும் வண்ணத்தில் உண்மையில் அச்சாவது 40 விழுக்காடு. நீங்கள் கொடுத்த நிறம் 180, 120, 60 என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் எண்ணும் 255இலிருந்து எவ்வளவு குறைகிறது என்று பார்த்தால் 75, 135, 195. அவற்றில் 40 விழுக்காடு 30, 54, 78. இவற்றை 255இலிருந்து கழித்தால் 225, 201, 177. இந்த எண்களை நேரடியாக ட்ரூ கலரில் கொடுத்து, டிரான்ஸ்பரன்சியைச் சுழியாக்கிவிடுங்கள். கண்ணுக்கு அதே வண்ணம்தான் தெரியும். கோடும் எழுத்தும் கூர்மையாக இருக்கும்.

அந்த வெள்ளைக்கோடு பெரும்பாலும் திரையில் மட்டுமே தெரியும். பிடிஎஃப் காட்டும் மென்பொருள் ஒவ்வொரு நிரப்பின் விளிம்பையும் மென்மையாக்கும்போது, ஒட்டி நிற்கும் இரண்டு விளிம்புகளுக்கு இடையில் தாளின் வெண்மை கசிகிறது. வீட்டுக்காரர்கள் இப்போது கைப்பேசியில்தான் முதலில் பார்க்கிறார்கள் என்பதால் அதையும் நீக்கிவிடுவது நல்லது. கூடத்தின் பாலிலைனை உணவருந்தும் இடத்தையும் சேர்த்து ஒரே பரப்பாக வரைந்து நிரப்புங்கள். உணவருந்தும் இடத்தின் ஹேட்சை அதன்மேல் ஒரு விரிப்பைப் போலப் போடுங்கள். ஹேட்ச்டுபேக்கை ஓட்டிய பிறகு, மேல் கீழ் வரிசையை மாற்றும் டிராஆர்டரில் கூடத்தின் ஹேட்சை மட்டும் தேர்ந்தெடுத்து மீண்டும் ஒருமுறை கடைசிக்கு அனுப்பிவிடுங்கள். அடியில் ஒரு வண்ணம் முழுவதுமாகக் கிடக்கும்போது கசிவதற்கு வெண்மை இருக்காது.

கோட்டுப்படம்

இரண்டும் சரியாகிவிட்டன. சுவரில்லாத அந்த இடத்தில் கோடு மறைந்துவிட்டது. எழுத்துகளும் பழைய கூர்மைக்குத் திரும்பிவிட்டன. நாளை காலை தாளை எடுத்துக்கொண்டு போகிறேன். அந்தத் தாயாரிடம்தான் முதலில் கொடுக்கப்போகிறேன்.